ஒரே ரைடு, ரெண்டு ஆவரேஜ்

போன ஞாயித்துக்கிழமை நானும் என் ஃப்ரெண்டும் சைக்கிள்ல ஒண்ணா கிளம்பி ஒண்ணா வந்து சேர்ந்தோம், வழி பூரா ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் ஒட்டிக்கிட்டே தான் ஓட்டுனோம், முடிச்சு இறங்கி பார்த்தா என் சைக்கிள் மீட்டர் ஆவரேஜ் ஸ்பீடு மணிக்கு 24.3 கிலோமீட்டர்னு காட்டுது, அவனோடது 22.7. ரெண்டுமே ஜிபிஎஸ் தான். அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. "மச்சி உன்னோடது புளுகுதுடா"ன்னான். சேட்டிலைட் சரியா கிடைக்கல, மாடல் பழசுன்னு ஆளுக்கொண்ணு சொல்லி அரை மணி நேரம் சண்டை.

அப்புறம் வீட்டுக்கு வந்து ரெண்டு பேர் ரெக்கார்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்த்தேன். என் தூரம் 62.4 கிலோமீட்டர், அவனோடது 62.1. நேரம் எனக்கு 2 மணி 34 நிமிஷம், அவனுக்கு 2 மணி 44. அவனோட தூரத்தை என்னோட நேரத்தால வகுத்துப் பார்த்தா 24.2 வருது. அதாவது நாங்க திட்டித் தீர்த்த சேட்டிலைட்டால வந்த வித்தியாசம் வெறும் 0.1, மீதி எல்லாம் அந்த 10 நிமிஷத்தோட வேலை. ஏழெட்டு சிக்னல், நடுவுல அவன் செயின் கழண்டு மாட்டுனது, அவ்வளவு தான். என்னோடதுல ஆட்டோ பாஸ், அதாவது சைக்கிள் நின்னா கடிகாரத்தையும் தானா நிறுத்தி வைக்கற வசதி, ஆன்ல இருந்துச்சு, அவனோடதுல ஆஃப்.

அதுக்கப்புறம் தான் இது உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு நோண்ட ஆரம்பிச்சேன். நான் இத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருந்தது என்னன்னா, மீட்டர் ஒவ்வொரு செகண்டும் நாம எங்க இருக்கோம்னு பார்க்கும், போன செகண்ட் இருந்த இடத்துக்கும் இப்ப இருக்கற இடத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு கழிச்சு ஸ்பீடு சொல்லும்னு. பெரும்பாலும் அப்படி இல்லையாம். ஸ்க்ரீன்ல அந்த நேரத்துக்கு தெரியுற ஸ்பீடு டாப்ளர்ல இருந்து வருது. எதிர்ல வர்ற ரயில் ஹாரன் நம்மளை தாண்டுனதும் சத்தம் இறங்குதுல்ல, அதே சமாச்சாரம் தான், இங்க ஹாரனுக்கு பதிலா சேட்டிலைட்டோட ரேடியோ அலை. ஜிபிஎஸ் சிக்னல் 1575.42 மெகாஹெர்ட்ஸ்ல வருது, சேட்டிலைட் இருக்கற பக்கமா நம்ம ஸ்பீடு செகண்டுக்கு 1 மீட்டர் மாறுனா அந்த அலையில 5 ஹெர்ட்ஸ் சொச்சம் மாறும். சேட்டிலைட்டும் சும்மா இல்ல, 20,200 கிலோமீட்டர் உயரத்துல செகண்டுக்கு கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர்ல பறக்குது, ஆனா அது எப்படி போகுதுங்கற விவரத்தை அதுவே அனுப்பிடறதால அதை கழிச்சுட்டு, ரிசீவரோட சொந்த கடிகாரக் கோளாறையும் கழிச்சுட்டு, மிச்சம் நிக்கறது நம்ம மிதி. 157 கோடி ஹெர்ட்ஸ்ல 5 ஹெர்ட்ஸை தேடிப் பிடிக்குது அந்த தீப்பெட்டி சைஸ் டப்பா, இதை போய் நான் பழசுன்னு திட்டிட்டு இருந்தேன்.

ஆனா ஆவரேஜுக்கு இந்த ஸ்பீடு எண்களை எல்லாம் கூட்டி வகுக்கறது இல்ல. மொத்த தூரம், வகுத்தல் நேரம், முடிஞ்சுது. இதனால தான் மலை ஏறி இறங்குறவங்க மனசு உடையுறது. 10 கிலோமீட்டர் ஏத்தம் 10 ஸ்பீடுல, அதே 10 கிலோமீட்டர் இறக்கம் 40 ஸ்பீடுல வந்தா ஆவரேஜ் 25 வரும்னு தோணும், வராது, ஏத்தம் 1 மணி நேரம், இறக்கம் 15 நிமிஷம், ஆக 20 கிலோமீட்டருக்கு 75 நிமிஷம், 16 தான். இறக்கத்துல உயிரைக் குடுத்து ஓட்டுனாலும் பெருசா ஏறாது ஏன்னா அங்க நாம இருக்கறதே கொஞ்ச நேரம்.

தூரத்துல தப்பு வர்றதுக்கும் வழி இருக்கு. ஜிபிஎஸ்ல தூரம்ங்கறது புள்ளிக்கு புள்ளி கோடு போட்டு கூட்டறது. நேர் ரோட்ல ஒரு பிரச்சனையும் இல்ல, 10 மீட்டர் ஆரம் இருக்கற கொண்டை ஊசி வளைவுல 18 ஸ்பீடுல போறோம்னு வைங்க, செகண்டுக்கு ஒரு புள்ளி வெச்சா நூத்துல ஒரு பங்கு தான் குறையும், ஆனா பேட்டரி மிச்சம் பண்றேன்னு 6 செகண்டுக்கு ஒண்ணுன்னு வெச்சா நாம வளைஞ்சு வளைஞ்சு போன 30 மீட்டர் குறுக்கால 20 மீட்டரா போயிடும். நிறைய மீட்டர் வளைவு வந்தா புள்ளியை கூட்டி வைக்கும், இருந்தாலும் நான் ஒவ்வொரு செகண்டும்னு தான் வெச்சிருக்கேன். இதுக்கு நேர் எதிரா, உயரமான கட்டடங்களுக்கு நடுவுல சிக்னல் சுவத்துல பட்டு தெறிச்சு வர்றப்ப கோடு நெளிஞ்சு தூரம் கூடும். ஏத்தத்துல இன்னொண்ணு, மேப்ல படுத்த வாக்குல அளந்தா 1000 மீட்டர்னு வர்றது 10 சதவீத ஏத்தத்துல நிஜமா 1005 மீட்டர். இதெல்லாம் சில்லறை தான்.

சில்லறையே வேணாம்னா வீல் சென்சர் இருக்கு, அது சக்கரம் எத்தனை சுத்துன்னு எண்ணி சுத்தளவால பெருக்கும், சென்சர் மாட்டிட்டா நிறைய மீட்டர்ல ஸ்பீடும் தூரமும் அதுல இருந்து தான் வரும். டனல், மரத்தடி எதுவும் அதுக்கு பிரச்சனை இல்ல. ஆனா சுத்தளவு தப்பா குடுத்தா ஆயுசுக்கும் தப்பு. என் சைக்கிள்ல இருக்கற 700க்கு 25 சைஸ் டயருக்கு 2105 மில்லிமீட்டர்னு போடுவாங்க. நான் டியூப் வால்வை தரைக்கு நேரா நிறுத்தி, சாக்பீஸ்ல கோடு போட்டு, மேல உக்காந்துக்கிட்டே ஒரு சுத்து உருட்டி அளந்தேன், 2090 வந்துச்சு. உக்காந்தா டயர் அமுங்குதுல்ல. அந்த 15 மில்லிமீட்டர் 62 கிலோமீட்டர்ல 400 மீட்டருக்கு மேல கள்ளக்கணக்கா ஏறும்.

சரி ஆட்டோ பாஸுக்கு வர்றேன், அசல் வில்லன் இவன் தான். ஒரு குறிப்பிட்ட ஸ்பீடுக்கு கீழ போனா நின்னுட்டோம்னு எடுத்துக்கிட்டு கடிகாரத்தை நிறுத்திடும். சிக்னல்ல நிக்கறப்ப நல்ல விஷயம் தான், இல்லன்னா நின்ன இடத்துலயே புள்ளி அங்கயும் இங்கயும் அலைஞ்சு சும்மா தூரம் ஏறும். ஆனா ஒரு தடவை மரம் மூடுன செங்குத்து ஏத்தத்துல 5 ஸ்பீடுல மூச்சு வாங்கிட்டு ஏறிட்டு இருக்கேன், பீப்புனு ஒரு சத்தம், பார்த்தா பாஸ்னு காட்டுது. யோவ் நான் நிக்கலய்யா. ரெண்டு மிதி மிதிச்சதும் திரும்ப பீப், ஓடுது. மறுபடி பீப். உச்சி வர்ற வரைக்கும் இதே கூத்து. முடிவுல எனக்கு ஆவரேஜ் கூடுதலா வந்துச்சு, ஏன்னா நான் செத்து செத்து ஏறுன இடங்களை எல்லாம் அது கணக்குலயே சேர்க்கல.

இது போக ஸ்ட்ராவால, அதாவது ரைடு ரெக்கார்டை எல்லாம் போட்டு வைக்கற ஆப்ல, ஏத்துனா அது தன் பங்குக்கு எது ஓட்டம் எது நிறுத்தம்னு பார்த்து மூவிங் டைம்னு ஒண்ணு போட்டு அதால தான் வகுக்கும். அதனால மீட்டர்ல ஒரு எண், அங்க ஒரு எண். அவனோட ரைடும் அங்க ஏறுனதும் 24.1 ஆயிடுச்சு, அதுக்கப்புறம் தான் சமாதானம் ஆனான்.

இவ்வளவு தெரிஞ்சும் இந்த வாரம் தனியா போனப்ப 50வது கிலோமீட்டர்ல சரியா 24.0 காட்டுச்சு, 60ல 25 ஆக்கணும்னு ஒரு வெறி. ஓட்டிக்கிட்டே மனசுல கணக்கு போட்டேன், இது வரைக்கும் 125 நிமிஷம், 60க்கு 25ன்னா 144 நிமிஷம், ஆக கடைசி 10 கிலோமீட்டரை 19 நிமிஷத்துல முடிக்கணும், 31.6 ஸ்பீடு. ஒரு புள்ளிக்கு இவ்வளவா! தலையைக் குனிஞ்சு அடிச்சேன், நாக்கு தள்ளிடுச்சு, வீட்டு வாசல்ல 24.7. ஸ்ட்ராவால ஏத்திப் பார்த்தா 25.1ன்னு வந்திருக்கு. ஃப்ரெண்டுக்கு அந்த ஸ்க்ரீன்ஷாட்டை தான் அனுப்பியிருக்கேன்.