எந்தக் காதில் வலி?

1973 நவம்பரில் இங்கிலாந்திலுள்ள போல்டனுக்கு வந்து இறங்கியபோது எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கான்வென்ட்டில் படித்தவள். இவருக்கு ஆஸ்பத்திரி வேலை, காலையில் போனால் ராத்திரிதான் வருவார். கடை கண்ணிக்கு நான்தான் போகவேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள், தெருக்கோடியில் ஒரு பஞ்சாலை, அதற்கு எதிரே முக்குக்கடை.

முதல் நாளே கடைக்காரம்மா சொன்ன விலை புரியவில்லை. "டூ பாப், லவ்" என்றாள். பழைய ஷில்லிங் கணக்கு 1971 பிப்ரவரியிலேயே போய்விட்டது, இப்போது பவுனுக்கு நூறு பென்னி என்று இவர் பாடம் நடத்தி அனுப்பியிருந்தார். அந்தத் தெருவில் யாரும் அதை வாயால் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. டூ பாப் என்றால் இரண்டு ஷில்லிங், அதாவது பத்து பென்னி. பழைய ஷில்லிங் காசு ஐந்து பென்னியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பென்ஸ் என்று எழுதியிருந்த காசுக்கு மதிப்பு இரண்டரை! பர்ஸை உள்ளங்கையில் கொட்டி நீட்டுவேன், அவளே பொறுக்கிக்கொள்வாள். ஒரு நாளும் கூடுதலாக எடுத்ததில்லை. இவர் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார்.

அந்த "லவ்" வேறு. பஸ் கண்டக்டர் அப்படிக் கூப்பிட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தபால்காரரிலிருந்து எண்பது வயதுப் பாட்டி வரைக்கும் எல்லார் வாயிலும் அதுதான் என்று தெரிய ஒரு வாரம் ஆனது. நம்ம 'கண்ணு' மாதிரி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பேர் டின்னர், சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பேர் டீ. பக்கத்து வீட்டில் டீக்குக் கூப்பிட்டார்களே என்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போய் மாட்டிக்கொண்டது தனிக்கதை.

கொண்டுவந்த தேங்காயெண்ணெய் குளிரில் கல்லாக உறைந்துவிட்டது. தலைக்கு வேறு எண்ணெய் வேண்டும். மருந்துக்கடைக்குப் போ என்றாள் முக்குக்கடைக்காரி. அங்கே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குப்பி ஆலிவ் எண்ணெயை எடுத்து வைத்துவிட்டு, "எந்தக் காதில் வலி?" என்று அக்கறையாகக் கேட்டார். இடுப்பு வரை தொங்கிய பின்னலைக் காட்டினேன். ஆறு குப்பி கொடுத்தார்.

அப்புறம் சுரங்கத் தொழிலாளர் தகராறு. நிலக்கரியை மிச்சம் பிடிக்க, ஜனவரியிலிருந்து ஆலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கரண்ட். மார்ச் வரை இழுத்தது. துணிக்கடைக்காரர்கள் பாதி நாள் மெழுகுவர்த்தியும் விளக்கும் ஏற்றி வைத்து விற்றார்கள். நீலம் என்று நான் வாங்கிய கம்பளிக் கோட்டு வீதிக்கு வந்ததும் பச்சையாகிவிட்டது. பத்து வருஷம் போட்டேன்.

பருப்புக்கு டார்பி ஸ்ட்ரீட். குஜராத்திக் கடைகள் இருந்தன. துவரம்பருப்பில் எண்ணெய் தடவியிருப்பார்கள், வெந்நீரில் நாலு தடவை கழுவினால்தான் சாம்பாருக்கு ஆகும். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் குஜராத்தியும் வராது, இந்தியும் வராது. கடைசியில் போல்டன் இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டோம். லவ் உட்பட.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'சிப்பி'யில் வரிசை நிற்கும். கடல் சிப்பி இல்லை, மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கிற கடைக்கு அங்கே அதுதான் பேர். வீட்டிலிருந்தே கிண்ணம் கொண்டுவந்து பட்டாணி மசியல் வாங்கிப் போவார்கள். நாங்கள் சைவம். மீன் வேண்டாம், வெறும் சிப்ஸ் என்பேன். உப்பும் வினிகரும் தெளித்து, வெள்ளைத் தாளில் வைத்து, மேலே பழைய பேப்பரைச் சுற்றித் தருவார்கள். வினிகரில் ஊறிப் பேப்பர் நைந்துபோகும். பச்சைக் கோட்டுக்குள்ளே அணைத்துக்கொண்டு நடந்தால் வீடு வரை நெஞ்சுக்குச் சூடு. எட்டு மாதம், வாராவாரம்.

ஒரு நாள் நான் நிற்கும்போது அட்டைப்பெட்டியிலிருந்து வெளிர்மஞ்சளாக ஒரு கட்டியை எடுத்துச் சட்டியில் போட்டார். செங்கல் அளவு இருக்கும். ஓரம் உருகிச் சரிந்து, மூழ்கிப் போனது. வெண்ணெயா என்று கேட்டேன்.

"பீஃப் டிரிப்பிங், லவ்" என்றார் பெருமையாக.

மாட்டுக் கொழுப்பு. பொட்டலம் அதற்குள் கைக்கு வந்துவிட்டது, திருப்பிக் கொடுக்கக் கூச்சம். கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். இவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "வீட்டில் பண்ணினால் ஏன் இந்த ருசி வரமாட்டேன் என்கிறது?" என்றார். எனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு ரசத்தைச் சுட வைத்தேன்.

இவருக்கு எண்பது தாண்டிவிட்டது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.