மீரியபெத்தைக்குப் பின் வகுப்பறை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, இலங்கையின் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த வரிசை வீடுகளான லயன்களை மூடியபோது, பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். திரும்பிச் செல்லத்தான் வீடு இருக்கவில்லை.

குடும்பங்கள் அயற்பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டன. வகுப்பறை உறங்கும் இடமாக இருக்கும்வரை அங்கே பாடம் நடவாது என்பதை நிவாரணம் பற்றிப் பேசுவோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள். இத்தகைய அனர்த்தங்களின் பின் சீருடையும் கொப்பிகளும் விரைவில் வந்து சேர்கின்றன (கொடுப்போர் படம் எடுக்கவும் தவறுவதில்லை). ஆனால், பிறப்புச் சான்றிதழ் மண்ணுக்குள் போன பிள்ளையைப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க வைப்பதும், மழை இரைந்தாலே சன்னலைப் பார்க்கும் பிள்ளையை அதட்டாமலிருப்பதும் ஆசிரியர் பொறுப்பாகவே எஞ்சுகின்றன.

நிலவெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகிய முன்னறிகுறிகளைக் கற்பிப்பதையும் மீட்சியின் பகுதியாகவே நான் கருதுகிறேன். அதற்குத் தனிப் பாடவேளை ஒதுக்கினாலும் தகும்.