மேல் பத்து சென்டிமீட்டர்

ஏரியின் கடந்த காலத்தைப் படிக்க, அடியில் படிந்த வண்டலைக் குழாய் இறக்கி அடுக்குக் கலையாமல் எடுக்கும் வேலையில் ஆழத்து மண் அவ்வளவாகத் தொல்லை தராது. பாடாய்ப் படுத்துவது மேலே இருக்கும் 10 சென்டிமீட்டர். ஈயம் கலந்த பெட்ரோலின் புகை, அனல்மின் நிலையக் கரித்துகள், வயல் உரத்தின் பாஸ்பரஸ் என்று கடந்த நூறாண்டு மனிதக் கைவரிசை பல ஏரிகளில் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது. அதிலும் மேற்பரப்பை ஒட்டிய மண்ணில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர்.

குழாயைச் சடாரென்று இறக்கினால், அது முன்னே தள்ளும் நீரே மேல்படலத்தைக் கலைத்துவிடும். கடைசி ஒரு மீட்டரை மெதுவாகத்தான் விட வேண்டும். குழாய் மேலே வந்ததும் மண்ணுக்கு மேல் நிற்கும் தண்ணீரைப் பாருங்கள். கலங்கியிருந்தால் கொட்டிவிட்டு, படகைச் சற்று நகர்த்தி மறுபடி எடுப்பதே நல்லது. வைத்திருந்தால் தெளியும்தான், ஆனால் 1970-ம் 2010-ம் ஒரே படலமாகப் படிந்திருக்கும்.

குழாயைப் படுக்கவைக்கக் கூடாது. கரையிலேயே செங்குத்தாக நிறுத்தி, அடியிலிருந்து பிஸ்டனால் தள்ளி, அரை சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டுவார்கள். சுவரோடு இழுபட்ட மண் விளிம்பில் ஒட்டியிருக்கும். அதைச் சில மில்லிமீட்டர் சீவி எறிய வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் தகட்டைத் துடைக்க வேண்டும். அவசரத்தில் பலரும் கோட்டைவிடுவது ஈர எடையை. உலர்த்திய பிறகு அதை மீட்க வழியில்லை. அது இல்லாமல் ஆண்டுக்கு எத்தனை கிராம் படிந்தது என்ற கணக்கே நிற்காது.

வில்லைகளின் வயதைக் கணிக்க உதவுவது ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம். அதன் அரைவாழ்நாள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 22.3 ஆண்டு. சுமார் 150 ஆண்டு வரை வயது சொல்லும். அதைச் சரிபார்க்க சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது: அதைச் சுமந்துவந்த அணுகுண்டுச் சோதனைத் தூசு 1963-ஐ ஒட்டி உச்சம் தொட்டது. அந்த உச்சம் கூராக இல்லாமல் பரவிக் கிடந்தால், புழுக்கள் மண்ணைக் கிளறியிருக்கலாம். கனடாவின் க்ராஃபோர்டு ஏரியில் இந்தத் தொல்லை இல்லை. 2.4 ஹெக்டேர் பரப்புக்கு 24 மீட்டர் ஆழம். அடிநீர் மேல்நீரோடு கலப்பதில்லை, ஆண்டுக்கொன்றாகப் படிந்த அடுக்குகள் கலையாமல் இருக்கின்றன.

அந்த 150 ஆண்டுக்கும் பழைய மண்ணுக்கு வயது சொல்வது கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன். சுண்ணாம்புப் பாறைப் பகுதி ஏரிகளில் நீர்ச்செடி பாறையின் பழைய கார்பனையும் உண்டு வளர்வதால், நேற்று பறித்த செடிக்கே நூற்றுக்கணக்கான ஆண்டு வயது காட்டும். எனவே மொத்த மண்ணை அனுப்பாமல் சல்லடையில் அலசி, கரையிலிருந்து விழுந்த ஓர் இலைத்துணுக்கோ விதையோ அகப்படும்வரை தேடுவார்கள்.