சூடானால் மட்டும் பொய் சொன்ன சென்சார்

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள், சேலம் ஐந்து ரோடு மேம்பாலம் ஏறும்போது இஞ்சின் செக் லைட் எரிந்தது. வண்டி 2020 மாடல் டீசல், பிஎஸ்6 புகை விதி வந்த கையோடு வாங்கியது, 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இழுவையில் குறையில்லை, புகையும் இல்லை. நான்கைந்து நாள் எரிந்துவிட்டுத் தானாக அணைந்தது. மறுவாரம் மறுபடியும் வந்தது.

போனோடு ப்ளூடூத்தில் இணையும் சின்ன ஸ்கேனர் ஒன்று என்னிடம் உண்டு. மாட்டிப் பார்த்தால் பி2033 என்ற பழுதுக் கோடு (code). அதாவது புகைக்குழாயின் இரண்டாவது வெப்பநிலை சென்சார், சர்க்யூட் ஹை. சர்வீஸ் சென்டரில் காட்டினேன். புகைக்குழாயில் இருக்கும் மூன்று சென்சாரையும் சேர்த்து மாற்றச் சொன்னார்கள். "டிபிஎஃப்பும் போயிருக்கலாம் சார், கழட்டினாத்தான் தெரியும்" என்று புகை வடிகட்டியைப் பற்றி ஒரு கொசுறும் வந்தது. மதிப்பீட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கோடு சொல்வது ஒரு சென்சாரை, மாற்றச் சொல்வது மூன்றையா?

இந்தச் சென்சாருக்கு அங்கே என்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். டீசல் புகையில் வரும் கரியை டிபிஎஃப் வடிகட்டிப் பிடித்து வைக்கிறது. அது நிறைந்ததும் இஞ்சின் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளித்து, புகையின் சூட்டை 600 டிகிரி பக்கம் ஏற்றிக் கரியை எரித்துவிடும். ரீஜென் என்பது இதுதான். சூடு குறைந்தால் கரி எரியாது, எல்லை மீறினால் வடிகட்டியே உருகும். அதனால் வெப்பநிலை தெரியாமல் ஈசியு, அதாவது இஞ்சினின் கம்ப்யூட்டர், ரீஜெனைத் தொடங்காது. நடுவில் தெரியாமல் போனால் பாதியில் நிறுத்திவிடும். ஒரு ஆள்காட்டி விரல் நீளக் கம்பி கெட்டால், பல மடங்கு விலையுள்ள டிபிஎஃப் அடைபடும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி இரவு முழுக்க ஆறியிருந்தபோது சாவியை மட்டும் போட்டு லைவ் டேட்டா பார்த்தேன். மூன்று சென்சாரும் 27, 28, 27 டிகிரி காட்டின. எல்லாம் நல்ல பிள்ளைகள். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் இரண்டாவது சென்சார் 221 ஓம். என் வண்டியில் இருப்பது பிளாட்டினம் வகை. பூஜ்ய டிகிரியில் 200 ஓம், சூடு ஏற ஏற மின்தடையும் ஏறும். 27 டிகிரிக்கு 221 சரியான கணக்கு. வண்டிப் பக்கக் கனெக்டரில் 5 வோல்ட்டும் வந்தது. ஆக, எதிலும் தப்பில்லை. பி2033-ஐ அழித்துவிட்டு, கனெக்டரில் ஈரம் ஏறியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை லைட் மறுபடியும் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. வெப்பநிலை அளக்கும் சாமானை ஆறிக் கிடக்கும்போது மட்டும் சோதித்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை ஓமலூர் வரை ஓட்டினேன். பக்கத்தில் தம்பி போனைப் பிடித்துக்கொண்டு எண்களை வாசித்தான். போகும்போது 180, 210, 240 என்று ஒழுங்காக ஏறியது. டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் "அண்ணா, 999-னு காட்டுதுடா" என்றான். அடுத்த நொடி 262, மறுபடி 999. வயர் அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் போகும், ஈசியு அதைப் பயங்கரச் சூடு என்று படித்துக்கொள்ளும். கோடில் 'ஹை' என்று வந்ததன் அர்த்தமும் இதுதான்.

வயரிங்கா சென்சாரா என்று பிரித்துப் பார்க்க, வீட்டுக்கு வந்ததும் இஞ்சினை அணைத்துச் சூட்டோடு இரண்டு கனெக்டர்களைக் கழற்றினேன். முதல் சென்சார் 300 ஓமுக்கு மேல் நின்று மெல்ல இறங்கியது. இரண்டாவதில் மீட்டர் ஓப்பன் காட்டியது. பத்து நிமிடம் கழித்து அதுவே 260 ஓம் என்று அப்பாவி மாதிரி நின்றது. உள்ளே எங்கோ விரிசல், சூட்டில் விலகி ஆறினால் ஒட்டுகிறது. இனி சந்தேகமில்லை. ஒரிஜினல் சென்சார் ஒன்று மட்டும் ஆர்டர் போட்டேன், 7,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பார்ட் நம்பரைப் பழைய சென்சாரின் கேபிளில் இருந்த லேபிளைப் பார்த்து எழுதிக்கொண்டேன். மூன்று சென்சாரும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கேபிள் நீளமும் கனெக்டரும் வேறு வேறு.

கழற்றுவதுதான் பெரிய வேலை என்று தெரியும். ஆறு வருஷம் சூட்டிலேயே கிடந்த மரை. சங்ககிரியில் லாரி வேலை பார்க்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். "தம்பி, முந்தின நாளே ஆயில் அடிச்சு ஊற வைச்சிரு. முழுசா ஆறினப்புறம் ஸ்பேனர் போடாத, கொஞ்சம் சூடு இருக்கறப்பவே திருப்போணும். வரலைன்னா முரட்டுத்தனம் பண்ணாத, மரை போச்சுன்னா டிபிஎஃப்பையே இறக்கோணும்" என்றார்.

அவர் சொன்னபடி வெள்ளி இரவும் சனி காலையும் துரு இளக்கும் ஆயில் அடித்தேன். சனி மாலை பத்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு, அணைத்து, கை வைக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருந்தேன். முதலில் போட்டது 17 எண் ஓப்பன் ஸ்பேனர். நட்டின் மூலை லேசாக மழுங்கியது, உடனே நிறுத்திவிட்டேன். கேபிள் வெளியே வர வெட்டு விட்ட சாக்கெட் தனியாக விற்கிறார்கள், என்னிடம் இல்லை. ஆனால் புதுச் சென்சார் கையில் இருக்கும்போது பழைய கேபிள்மேல் என்ன பாசம்? கட்டிங் பிளையரால் வெட்டிவிட்டு, சாதாரண நீள சாக்கெட்டை முழுசாக உட்கார வைத்து, நீளக் கைப்பிடி போட்டுச் சீராக அழுத்தினேன். 'டக்' என்றது. உடைந்தது நட்டா என் நெஞ்சா என்று ஒரு நொடி தெரியவில்லை. இளகியதுதான். கால் சுற்று திறந்து, பாதி மூடி, மறுபடி ஆயில் அடித்து என்று இருபது நிமிடத்தில் வெளியே வந்தது.

மரையின் உள்பக்கம் சுத்தமாகவே இருந்தது. புதுச் சென்சாரில் சூடு தாங்கும் பேஸ்ட் கம்பெனியே தடவி அனுப்பியிருந்ததால் நான் எதுவும் தடவவில்லை. தடவ வேண்டியிருந்தாலும் மரையில் மட்டும்தான், முனையில் படக்கூடாது. கையால் முழுக்கத் திருகி, கடைசியில் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் மேனுவல் சொன்ன 45 நியூட்டன் மீட்டர். திருகும்போது கேபிளும் கூடவே முறுக்கிக்கொள்ளும் என்பதால் கனெக்டரைக் கடைசியில்தான் மாட்டினேன். கேபிள் புகைக்குழாயில் உரசாமல் பழைய வழியிலேயே கிளிப்களில் போட்டேன்.

வெட்டிய பழைய சென்சாரை விட மனசு வரவில்லை. வயர் நுனிகளில் மீட்டரின் கிளிப்பை மாட்டி, முனையைக் குறடில் பிடித்து அடுப்பில் காட்டினேன். 230, 280, 340, அப்புறம் ஓப்பன். எடுத்தால் சில நிமிடத்தில் மறுபடி உயிர் வருகிறது. மூன்று முறை செய்தும் அதே கதை. "சாதம் வைக்கற அடுப்புல கார் சாமானா?" என்று அம்மா வந்து நின்றதில் நான்காவது முறை நடக்கவில்லை.

ஞாயிறு காலை நாமக்கல் சாலை. கரி அளவு அப்போது 83 சதவீதம் இருந்தது. நான்காவது கியரில் 2,000 சுற்றுக்கு மேல் பிடித்தபடி போனேன். ஆண்டகளூர் கேட் தாண்டியதும் ரீஜென் தானாகத் தொடங்கியது. இரண்டாவது சென்சார் 400, 520, 610 என்று ஏறி 600க்கும் 630க்கும் நடுவில் நின்றது. ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை. 18 நிமிடத்தில் முடிந்தது, கரி 11 சதவீதம். டிபிஎஃப் போயிருக்கலாம் என்றார்களே, அது சௌக்கியமாகத்தான் இருக்கிறது.

திரும்பி வந்து டிப்ஸ்டிக் எடுத்துப் பார்த்ததில் ஒரு அதிர்ச்சி. ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது, டீசல் வாடையும் அடித்தது. பாதியில் நின்றுபோன ரீஜென்களில் தெளித்த டீசல் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. நீர்த்த ஆயிலில் ஓட்டினால் டர்போவுக்கு ஆகாது. சர்வீசுக்கு இன்னும் 3,000 கிலோமீட்டர் இருந்தும், அன்றைக்கே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். இதே கோடு உங்களுக்கு வந்தால் டிப்ஸ்டிக்கை முதலில் பாருங்கள். நான் கடைசியில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு 1,400 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ரீஜென் மூன்று முறை முழுசாக நடந்தது, லைட் வரவில்லை. கேபிள் கிளிப் ஒன்று கழற்றும்போது உடைந்துவிட்டது. அந்த இடத்தில் இப்போதைக்கு ஸ்டீல் டை போட்டிருக்கிறேன், கிளிப் வந்ததும் மாற்ற வேண்டும்.