புனித செபஸ்தியார் வணக்கத்தின் தொடக்கத்தைத் தேடுவது: திருச்சபை வரலாறு படிப்போருக்கு

செபஸ்தியார் என்றதும் மரத்தில் கட்டப்பட்டு உடலெங்கும் அம்பு தைத்த இளைஞர்தான் நினைவுக்கு வருவார். ஆய்வுக் கட்டுரையை அங்கிருந்து தொடங்கினால் எல்லாம் தலைகீழாகிவிடும். ஒரு மறைசாட்சியை, அதாவது கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்விட்டவரைப் பற்றி முதலில் உறுதிசெய்ய வேண்டியவை இரண்டு: எந்த நாளில் நினைவுகூர்ந்தார்கள், எந்தக் கல்லறையில். இயேசு சபை அறிஞர் இப்போலித் தெலஹே வலியுறுத்திய முறை இது. கதையை எங்கே உட்கார்ந்தும் எழுதலாம். ஆண்டுதோறும் மக்கள் கூடிய நாளையும் இடத்தையும் அப்படிக் கற்பனையில் உண்டாக்கிவிட முடியாது.

செபஸ்தியாருக்கு இவை இரண்டும் 354ஆம் ஆண்டு நாள்காட்டித் தொகுப்பிலுள்ள மறைசாட்சிகள் அடக்கப் பட்டியலில் ஒரே வரியில் கிடைக்கின்றன: பெப்ரவரி கலெண்டுக்கு (மாதத்தின் முதல் நாளுக்கு) முன் 13ஆம் நாள், உரோமையின் ‘கத்தக்கும்பாஸ்’ என்னும் இடம். உரோமையர் இரு முனைகளையும் சேர்த்து எண்ணுவார்கள். பெப்ரவரி 1இலிருந்து 13ஐக் கழித்தால் ஜனவரி 19 வரும். அது தவறு, சரியான நாள் ஜனவரி 20. அதே வரியில் திருத்தந்தை பபியானும் இருக்கிறார், ஆனால் அவரது கல்லறை கலிஸ்துவின் நிலத்தடிக் கல்லறைத் தோட்டத்தில். அவர் இறந்தது 250இல். பட்டியல் நாளைத்தான் சொல்கிறது, ஆண்டை அல்ல. ஆகவே இருவரும் ஒரே கலாபனையில் (கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில்) இறந்ததாகச் சேர்க்காதீர்கள். படைவீரர், அம்பு, பேரரசன் தியோக்கிளேசியன் என எதுவும் அந்த வரியில் இல்லை.

இடத்தைக் கவனமாகக் கையாள வேண்டும். கத்தக்கும்பாஸில், ஆப்பியா சாலையில் இருக்கும் கோவில் முதலில் திருத்தூதர்களின் பெயரில்தான் இருந்தது. சுவர்க் கீறல்கள் பேதுருவையும் பவுலையும் அழைக்கின்றன. அங்கே கிடைத்த பழைய தடயங்களை எல்லாம் செபஸ்தியார் கணக்கில் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. 7ஆம் நூற்றாண்டுத் திருப்பயணிகளின் வழிகாட்டிக் குறிப்பிலோ நிலை மாறிவிட்டது: முதலில் செபஸ்தியார், அவர் உடல் கீழ்த்தளத்தில், பிறகுதான் திருத்தூதர்களின் கல்லறை. இந்த இரண்டு சான்றுகளுக்கும் இடையில்தான் வணக்கம் வளர்ந்திருக்கிறது. கட்டுரையில் கூடுதல் பக்கங்களை இதற்கு ஒதுக்குங்கள்.

அடுத்து மிலான் ஆயர் அம்புரோசியார். 118ஆம் திருப்பாடல் விளக்கத்தின் 20ஆம் உரையில், செபஸ்தியார் மிலானைச் சேர்ந்தவர், உரோமைக்குப் போய் அங்கே மறைசாட்சியானார் என்கிறார். இன்றைய தமிழ் விவிலியத்தில் அது 119ஆம் திருப்பாடல். எண் மாறுவதால் பலர் தேடிக் களைத்துவிடுகிறார்கள்.

அம்புக் கதை வருவது 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பாடுகள்’ நூலில்தான். புனிதர் வரலாறுகளை ஆராயும் இயேசு சபைக் குழுவான பொலாந்தியரின் அட்டவணையில் அதன் எண் 7543. முன்பு அது அம்புரோசியார் பெயரில் வழங்கியதால், மீஞ் பதிப்பித்த இலத்தீன் தந்தையர் வரிசையின் 17ஆம் தொகுதியில் அவர் எழுத்துகளோடு அச்சாகியுள்ளது. அதைப் பார்த்து அம்புரோசியார் இரண்டு முறை சாட்சி சொல்கிறார் என்று எழுதினால் கட்டுரை அங்கேயே சரிந்துவிடும். இந்த நூல்படி செபஸ்தியார் அம்பால் சாகவில்லை; ஐரீன் என்ற கைம்பெண் காயத்தை ஆற்றுகிறார், பிறகு அவரைத் தடியால் அடித்துக் கொல்கிறார்கள். இதை 3ஆம் நூற்றாண்டு நிகழ்வுக்குச் சான்றாக்க முடியாது. ஆனால் உடலைத் திருத்தூதர்களின் தடங்களருகே லூசினா என்ற பெண் அடக்கம் செய்ததாகச் சொல்லும் முடிவுப் பகுதி, அந்தக் கல்லறை 5ஆம் நூற்றாண்டில் எப்படி அறியப்பட்டது என்பதற்கு நல்ல சான்று.

ஓவியச் சான்றுகளையும் காலவரிசையில் வையுங்கள். இரவென்னாவின் 6ஆம் நூற்றாண்டு மொசைக்கில் செபஸ்தியார் கையில் முடியேந்தி மற்ற மறைசாட்சிகளோடு நடக்கிறார். உரோமையின் ‘சங்கிலிகளின் புனித பேதுரு’ கோவிலிலுள்ள 7ஆம் நூற்றாண்டு மொசைக்கில் தாடி வைத்த முதியவர். இரண்டிலும் அம்பு இல்லை.

கொள்ளைநோய்க் காவலர் என்ற பெயருக்கு, 8ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பவுல் தியாக்கோனின் இலொம்பார்தியர் வரலாறு, 6ஆம் நூல், 5ஆம் அதிகாரம் பாருங்கள். 680ஆம் ஆண்டு நோயின்போது வட இத்தாலியின் பாவியா நகரில் செபஸ்தியாருக்குப் பீடம் எழுப்பி, உரோமையிலிருந்து அவரது திருப்பண்டம் கொண்டுவந்ததும் நோய் நின்றது என்கிறார். பீடம் அமைந்த பாவியா கோவிலுக்கும் ‘சங்கிலிகளின் புனித பேதுரு’ என்றுதான் பெயர். அதனால் நிகழ்ச்சியை உரோமைக்கு மாற்றி எழுதும் நூல்கள் உண்டு. அவற்றை மேற்கோள் காட்டுமுன் பவுலின் மூலத்தைத் திறந்து ஊர்ப் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.