சிவப்பு பேனாவால வெட்டுன ஒரு வரி

ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற புள்ள ஒண்ணு, தமிழ் விக்கிப்பீடியாவுல போடப்போறேன் சேர், கொஞ்சம் பாத்துத் தாங்கன்னு இலங்கை மலையகத்துல இருக்கிற மஸ்கெலியா பத்தி எழுதுன நாலு பக்கத்த கையில தந்திச்சு. முதல் வரியே "இயற்கை எழில் கொஞ்சும் மஸ்கெலியா மாநகரம்". மாநகரமாம், பஸ் ஸ்டாண்ட்ல இருந்து ஒரு பிளேன்டி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நடந்து முடிஞ்சிரும். எழிலயும் மாநகரத்தயும் வெட்டிட்டு, நுவரெலியா மாவட்டம், அட்டன்ல இருந்து நோர்வூட் வழியா நல்லதண்ணி போற ரோட்டுல இருக்கிற டவுன்னு ஆரம்பின்னு எழுதினேன். சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போற சீசன் "வருடந்தோறும்"னு இருந்திச்சு, டிசம்பர் போயாவுல (பௌர்ணமியில) இருந்து மே வெசாக் (புத்தர் பண்டிகை) வரைக்கும்னு தெளிவா போடுன்னேன். சனத்தொகைக்கு ஒரு நம்பர் போட்டிருந்திச்சு, அது டவுனுக்கு மட்டுமா, சுத்தியிருக்கிற தேயிலத் தோட்டமும் சேத்தா, எந்த வருஷ சென்சஸ்னு ஒண்ணுமே இல்ல. எங்க பக்கத்துல இது பெரிய விசயம், டவுன்ல கொஞ்சப் பேரு, தோட்டத்து லயத்துல, அதாவது வரிச வீட்டுலதான் சனம்.

இதெல்லாம் சரிதான். மூணாவது பக்கத்துலதான் நான் பிழ விட்டேன். "பழைய டவுன் தண்ணிக்குள்ள போகும்போது எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) மேட்டுல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க, கோவில் மணி கடைசி நாள் வரைக்கும் அடிச்சிச்சாம்"னு இருந்திச்சு. சான்று இல்லன்னு ஒரே கோடு. மவுசாகலை அணை கட்டி 1969ல முடிஞ்சது, மஸ்கெலியா ஓயாவ மறிச்சு கரண்டு எடுக்கிறதுக்கு, பழைய டவுன் மூழ்கி மேல இப்ப இருக்கிற எடத்துக்கு வந்திச்சு, இத மட்டும் எழுதுன்னு ஓரத்துல கிறுக்கிட்டேன். அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லல, "அம்மாயி பொய் சொல்லமாட்டாங்க சேர்"ன்னு மட்டும் மெதுவா சொல்லிச்சு.

வீட்டுக்கு வந்தும் அது ஒரு மாதிரியாவே இருந்திச்சு. ரூல்னு பாத்தா நான் சொன்னது சரி, அச்சுல வராத பேச்ச கலைக்களஞ்சியத்துல போட ஏலாது. ஆனா தோட்டத்துல எத யாரு அச்சடிச்சா, தொரமார் எழுதி வச்சதுல கொழுந்து எத்தன றாத்தல்னுதான் இருக்கும், கோவில் மணி இருக்காது. அடுத்த நாளே கூப்பிட்டு, தப்பு உன் வரியில இல்ல, அது இருக்கவேண்டிய எடம்தான் வேறன்னு சொன்னேன். அம்மாயி சொன்னத போன்ல ரெக்கோட் பண்ணி தனியா ஒரு கட்டுரையா எழுது, ஏதாச்சும் சஞ்சிகைக்கு அனுப்பு, அச்சுல வந்தா பெறகு யாராச்சும் அத சான்றா காட்டலாம். நூலகம்ங்கிற இணையத்தளத்துல பழைய மலையக சஞ்சிகைகள் ஸ்கேன் பண்ணி கெடக்கு, அதுலயும் தேடிப் பாருன்னேன்.

வெயில் காலத்துல தண்ணி வத்தினா பழைய கோவிலு, பள்ளிவாசல், பன்சல (புத்த கோயில்) எல்லாம் மேல தெரியும். ஒரு ஞாயித்துக்கெழம அந்தப் புள்ள அம்மாயியையும் கூட்டிக்கிட்டு போய் போட்டோ எடுத்திருக்கு. கோவில் சுவரு, சேறு, தூரத்துல புதுசா வந்த டவுன். விக்கிப்பீடியா கட்டுரையில இப்ப அந்தப் போட்டோ இருக்கு, கீழ ஒரே வரி விளக்கம். அம்மாயியோட சேலத் தலப்பு மட்டும் ஒரு ஓரத்துல கொஞ்சம் விழுந்திருக்கு, அத வெட்டச் சொல்ல நெனச்சேன், சொல்லல.