6 & 4 == 4: 1972 கம்பைலர்கிட்டயே கேட்டுட்டேன்

ஒரே ஒரு பிராக்கெட் போடாததால ரெண்டு நாள் தூக்கம் போச்சு. சி புரோகிராமிங் மொழில ஒரு சின்ன வேலை, ஒரு ஃப்ளாக்ல (ஆன்/ஆஃப் பிட்டுகளை அடைச்சு வெச்ச நம்பர்) குறிப்பிட்ட ஒரு பிட் ஆன்ல இருக்கான்னு பார்க்கணும், அவ்ளோதான். ஃப்ளாக் & மாஸ்க் == மாஸ்க் னு எழுதிட்டுப் போயிட்டேன். மாஸ்க்னா எந்த பிட்டைப் பார்க்கணும்னு சொல்ற நம்பர். முதல் குறி ரெண்டு நம்பரையும் பிட் பிட்டா ஒப்பிடும், == சமமான்னு கேக்கும். ஃப்ளாக் 6, மாஸ்க் 4ன்னு வெச்சுக்கங்க. மனக்கணக்குலயே ‘ஆமா ஆன்’னு வந்துடும். ஆனா சி என்ன பண்ணும்னா முதல்ல 4 == 4 பார்த்து 1ன்னு எடுத்துக்கும், அப்புறம் 6 & 1 போட்டு 0ன்னு கையில குடுத்துட்டுப் போயிடும். கம்பைலர் (எழுதின கோடை மெஷின் மொழிக்கு மாத்துற புரோகிராம்) வார்னிங் குடுத்திருக்கும், நான்தான் அதை ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன், அதைப் பத்தி இப்போ பேச வேணாம்.

எவன்யா இந்த வரிசையை வெச்சதுன்னு திட்டிக்கிட்டே தேடினா, வெச்சவரே பதில் சொல்லியிருக்கார். டென்னிஸ் ரிச்சி, சி மொழியை உருவாக்கினவர். விஷயம் என்னன்னா, சி-க்கு முன்னாடி கென் தாம்சன் எழுதின பி மொழி இருந்துச்சு, அதுல && கிடையாது. வெறும் & மட்டும்தான், இஃப் உள்ள வந்தா அதுவே ‘ரெண்டும் உண்மையா’ன்னு கேக்குற வேலையையும் பார்த்துச்சு. அப்படின்னா எக்ஸ் == 1 & ஒய் == 2 ன்னு பிராக்கெட் இல்லாம எழுதணும்ல, அதனால & கீழ, == மேல, மேல இருக்கிறதுதான் முதல்ல நடக்கும். அந்த இடத்துல அது நியாயமான முடிவுதான். அப்புறம் சி-ல &&-ஐ தனியாப் பிரிச்சாங்க, ஆனா &-ஐ மேல ஏத்தல, ஏற்கனவே எழுதி வெச்ச கோடெல்லாம் உடையுமேன்னு. ஏத்தியிருக்கலாம்தான்னு அவரே பின்னாடி ஒத்துக்கிட்டார்.

இதைப் படிச்சதும் கோவம் போயிடுச்சு, ஆனா அரிப்பு ஒண்ணு வந்துடுச்சு. அந்தக் காலத்து சி கம்பைலரை ஓட விட்டு இந்த வரியை அதுகிட்டயே கேட்டா என்னன்னு. சனிக்கிழமை காலையில உக்காந்தேன், ஞாயித்துக்கிழமை ராத்திரி எழுந்தேன்.

இருக்கிறதுலயே பழைய சி கம்பைலர் சோர்ஸ் ரெண்டு டேப்ல இருந்து வந்தது. சி பிறந்த ஆராய்ச்சிக் கூடமான பெல் லேப்ஸ்ல கிடந்த டெக்டேப்கள் (அந்தக் காலத்துக் காந்த நாடா), 1972-73 வாக்குல உள்ளது. ரிச்சிதான் அதை மீட்டு வெளியில குடுத்தார். முதல் டேப் பேரு லாஸ்ட்1120சி, பிடிபி-11/20 மெஷினைக் கைவிடுறதுக்கு சரியா முன்னாடி எடுத்து வெச்ச காப்பி. ரெண்டாவது ப்ரீஸ்ட்ரக்ட்-சி, கம்பைலரோட சொந்த கோடுல ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளை ஒண்ணாக் கட்டி வெக்கிற வசதி) பயன்படுத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த காப்பி. அப்போ வெர்ஷன் நம்பர்லாம் கிடையாது, 1.0 ரிலீஸ்னு யாரும் அறிவிக்கல. ‘இதை மாத்தப் போறேன், எதுக்கும் பழசை ஒரு டேப்ல போட்டு வெப்போம்’, அவ்ளோதான் ரிலீஸ். நாம ஃபோல்டர் பேருல ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’னு போடுறதுக்கும் லாஸ்ட்1120சி-ன்னு போடுறதுக்கும் பெருசா என்ன வித்தியாசம் சொல்லுங்க.

மொதல்ல சுலபமான வழியா இருக்கும்னு சோர்ஸை எடுத்து ஜிசிசி-ல (இன்னைக்கு உள்ள சி கம்பைலர்) குடுத்தேன். எர்ரர் மழை. ஃபங்ஷனுக்கு டைப் கிடையாது, எதையும் முன்னாடியே அறிவிக்கிறதும் கிடையாது, ஜிசிசி 14ல இருந்து இதையெல்லாம் வார்னிங்கோட விடாம எர்ரராவே ஆக்கிட்டாங்க. சரின்னு பழைய ஸ்டாண்டர்டுக்கு மாத்தி, சில இடத்துல கையால ஒட்டுப் போட்டு எப்படியோ கம்பைல் ஆக வெச்சேன், ஓட விட்டா உடனே செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக் கூடாத மெமரியைத் தொட்டு புரோகிராம் விழுந்துடுச்சு. மண்டை காய்ஞ்சு போச்சு. காரணம் ரொம்ப சிம்பிள், பிடிபி-11ல இன்ட்டும் (முழு எண்) 16 பிட், பாயிண்டரும் (மெமரி அட்ரஸ்) 16 பிட், அதனால இந்த கோடு முழுக்க அட்ரஸை இன்ட்ல போட்டு ஊரெல்லாம் சுத்துது, அது அங்க தப்பே இல்ல. என் மெஷின்ல இன்ட் 32, பாயிண்டர் 64. பாதி அட்ரஸை வெட்டிட்டு மீதியை வெச்சு வீடு தேடினா எப்படிக் கிடைக்கும். இதை ஒழுங்கா போர்ட் பண்ணவும் முடியும், ஆனா அப்படிப் பண்ணி முடிச்சா அது 1972 கம்பைலரா இருக்காது, என் கம்பைலரா இருக்கும்.

சோர்ஸைத் தோண்டும்போதுதான் ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு, இதுக்காகவே மொத்த வாரக்கடைசியும் தகும்னு சொல்வேன். லாஸ்ட்1120சி உள்ள வேஸ்ட்னு ஒரு ஃபங்ஷன். அதோட உடம்புல என்ன இருக்குன்னா

வேஸ்ட்(வேஸ்ட்(வேஸ்ட்),வேஸ்ட்(வேஸ்ட்),வேஸ்ட்(வேஸ்ட்));

இதே வரி திரும்பத் திரும்ப. பக்கத்துல கமென்ட், இடத்தை வீணாக்குறதுக்குன்னு. மொதல்ல யாரோ விளையாடியிருக்காங்கன்னு நினைச்சேன். அந்த 11/20ல மொத்த மெமரியே 24 கே பைட், அதுல 16 கே சிஸ்டத்துக்கு, யூசர் புரோகிராமுக்கு 8 கே. அப்படிப்பட்ட மெஷின்ல எவனாவது இடத்தை வேணும்னே வீணாக்குவானா?

வீணாக்கல. கம்பைலர் ஓட ஆரம்பிச்சதும் ஆரம்ப வேலையெல்லாம் பண்ற கோடு ஒண்ணு இருக்கும்ல, அது ஒரு தடவை ஓடினா போதும், அப்புறம் தேவையில்ல. ஆனா கம்பைலருக்கு தற்காலிகமா எழுதி வெக்க இடம் வேணும். அதனால அந்த ஆரம்பக் கோடு மேலயே எழுதிடுது! ஏறி முடிச்சதும் ஏணியை உடைச்சு அடுப்புல வெக்கிற மாதிரி. வேஸ்ட் ஃபங்ஷன் வெறும் இடம் பிடிச்சு வெக்கிற துண்டு, பஸ் சீட்ல கர்ச்சீப் போடுற மாதிரி, அது எத்தனை வரி நீளமோ அவ்ளோ இடம். மெமரி அலகேட் பண்ண தனியா வசதி இல்லாதவன் ஃபங்ஷனையே இடமாப் பயன்படுத்தியிருக்கான். இதுல இன்னொரு தடயமும் இருக்கு: முதல் டேப்ல அந்த இடம் எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு ஃபங்ஷன் பேரை வெச்சுக் கண்டுபிடிக்கிறாங்க, ரெண்டாவதுல நேரா அட்ரஸ் 0ன்னு எடுத்துக்கிறாங்க. ஏன்னா நடுவுல மெமரி மேப்பிங் இருக்கிற பிடிபி-11 வந்துடுச்சு, புரோகிராம் எப்பவும் 0லயே ஆரம்பிக்கும். மெஷின் மாறினது கோடுலயே தெரியுது.

சரி, ஓட விடுறதுக்கு வருவோம். அந்தக் கம்பைலருக்கு அந்தக் கால யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் வேணும். யூனிக்ஸ் முதல் எடிஷனோட கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) சோர்ஸ் டேப்ல எல்லாம் கிடைக்கல, பேப்பர்ல கிடைச்சுச்சு. 1972 ஜூன் தேதி போட்ட ஒரு டாக்குமென்ட், உள்ள அசெம்ப்ளி லிஸ்டிங் முழுசா. 2008ல வாரன் டூமியும் இன்னும் சில தன்னார்வலர்களும் சேர்ந்து அந்த ஸ்கேனை எழுத்தா மாத்தி, ஓசிஆர் (படத்துல இருந்து எழுத்தைப் படிக்கிற மென்பொருள்) தப்பையெல்லாம் கண்ணால பார்த்துத் திருத்தி, அசெம்பிள் பண்ணி, பழைய மெஷின் மாதிரியே நடிக்கிற சிம்ஹெச் சிமுலேட்டர்ல பூட் ஆக வெச்சுட்டாங்க. அசெம்ப்ளில ஒரு ஒண்ணும் ஒரு எல்லும் மாறினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, இவங்க எல்லாம் வேற லெவல் பொறுமைசாலிங்க.

கெர்னல் மட்டும் போதாது, மேல ஓடுற கமாண்டுங்க வேணும், அது பழைய டேப்ல பைனரியா கிடைச்சதை எடுத்துக்கிட்டாங்க. ஆனா அதுல கொஞ்சம் அடுத்த எடிஷன் சரக்கு. முதல் எடிஷன் பைனரி ஃபைல் 0405ன்னு ஆரம்பிக்கும், அடுத்தது 0407ன்னு ஆரம்பிக்கும். இந்த நம்பரை சும்மா அடையாளத்துக்குப் போட்டதுன்னு நான் ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். இல்ல, அது நிஜமான பிடிபி-11 இன்ஸ்ட்ரக்ஷன். எண்மத்துல 0400ன்னா ‘தாவு’, 7னா ஏழு வேர்டு தள்ளி. இன்ஸ்ட்ரக்ஷனையும் சேர்த்தா எட்டு வேர்டு, அதாவது 16 பைட், ஹெடர் சைஸ் சரியா அதுதான். ஃபைலை அப்படியே மெமரில கொட்டி முதல் பைட்ல இருந்து ஓட விட்டா அதுவே ஹெடரைத் தாண்டிக் குதிச்சு கோடுக்குப் போயிடும். 0405னா ஹெடர் 12 பைட். 0405 மட்டும் தெரிஞ்ச கெர்னலுக்கு 0407-ஐயும் கத்துக் குடுத்தாங்க.

நான் பண்ணது அவங்க கட்டி வெச்சதை இறக்கி சிம்ஹெச்-ல பூட் பண்ணது மட்டும்தான், பெருமை எல்லாம் அவங்களுக்கு. லாகின் கேட்டுச்சு, ரூட்னு அடிச்சேன், பாஸ்வேர்டு கேக்காம உள்ள விட்டுடுச்சு. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் டைப் பண்ணக் கத்துக்கிட்டேன், நிஜமா. பேக்ஸ்பேஸ் வேலை செய்யாது. ஒரு எழுத்தை அழிக்கணும்னா # அடிக்கணும், மொத்த வரியையும் அழிக்க @. சிடின்னு அடிச்சா தெரியாதுங்குது, சிஹெச்டிஐஆர்னு முழுசா அடிக்கணும். எடிட்டர் ஈடி, தப்புப் பண்ணா ஒரே பதில்தான், கேள்விக்குறி. இந்த லட்சணத்துல ஹேஷ் போட்டு இன்க்ளூட் எழுதணும்னா என்ன ஆகும்னு யோசிச்சேன், அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, இந்த சி-க்கு ப்ரீப்ராசசரே (ஹேஷ்ல ஆரம்பிக்கிற வரிகளை முதல்ல கவனிக்கிற பகுதி) கிடையாது, இன்க்ளூடும் இல்ல டிஃபைனும் இல்ல. தப்பிச்சேன்.

மெயின், பிராக்கெட், பிரிண்ட்எஃப், ஹலோ. கம்பைல் ஆச்சு, ஓடுச்சு. சும்மா சொல்லக் கூடாது, சேர்ல இருந்து எழுந்து ஒரு சுத்து நடந்துட்டு வந்தேன்.

அடுத்த புரோகிராம்ல இருந்து அடி வாங்க ஆரம்பிச்சேன். கை பழக்கத்துல எக்ஸ் += 2ன்னு எழுதினா எர்ரர். அப்போ அது =+ தான், திருப்பிப் போடணும். சரி அதைத் தெரிஞ்சுதான் வெச்சிருந்தேன், மாத்திட்டேன். ஆனா அடுத்தது தெரிஞ்சும் மாட்டினேன். ஒரு லூப், -1ல ஆரம்பிச்சு ஏறணும், ஐ=-1ன்னு ஸ்பேஸ் விடாம அடிச்சேன். கம்பைல் ஆச்சு, எர்ரர் இல்ல. ஓட விட்டா சம்பந்தமே இல்லாத நம்பர்ல இருந்து எண்ணுது. அரை மணி நேரம் சிமுலேட்டரைத்தான் சந்தேகப்பட்டேன்! அந்தக் கம்பைலருக்கு =- ன்னா ‘கழிச்சுக்கோ’. ஐ-ல ஏற்கனவே கிடந்த குப்பை நம்பர்ல இருந்து ஒண்ணைக் கழிச்சுட்டு ஜம்முன்னு போயிடுச்சு. பின்னாடி இதை -= ன்னு ஏன் திருப்பிப் போட்டாங்கன்னு இப்போ எனக்கு யாரும் விளக்க வேணாம். இதே பழைய கோடை இன்னைக்குக் கம்பைலர்ல போட்டா தலைகீழா நடக்கும், ஐ =- 1ங்கிறதை ஐ-க்கு -1 குடுன்னு எடுத்துக்கும், அதுவும் சத்தமே போடாது.

பாயிண்டர் இன்னும் வேடிக்கை. இன்ட் *பி; ன்னு எழுதினா முதல் டேப் கம்பைலர் ஒத்துக்காது. இன்ட் பி[]; ன்னு எழுதணும். சைஸ் போடாத அர்ரேதான் பாயிண்டர். இன்னைக்கும் மெயின் ஃபங்ஷன்ல ஆர்க்வி[] ன்னு எழுதுறோமே, ‘அர்ரே மாதிரி தெரியும் ஆனா பாயிண்டர்தான், மனப்பாடம் பண்ணிக்கோ’ன்னு சொல்லிக் குடுத்தாங்களே, அது இந்தக் காலத்து மிச்சம். ரெண்டாவது டேப்ல உள்ள கம்பைலருக்கு * புரியும், ஆனா தன் சொந்த சோர்ஸ்ல அதை ஒரு இடத்துலயும் பயன்படுத்தாது. ஏன்னா தன்னைத்தானே கம்பைல் பண்ணிக்கிற கம்பைலர், புதுசா ஒண்ணு கத்துக்கிட்ட உடனே அதைத் தன் கோடுலயே எழுதிட்டா, அதைக் கம்பைல் பண்ண வேண்டிய பழைய பைனரிக்கு அது தெரியாதே. கோழி முட்டை கதைதான்.

ஸ்ட்ரக்ட்ங்கிற வார்த்தை முதல் டேப்ல ஒரு இடத்துலயும் இல்ல, தேடிப் பார்த்தேன். ரெண்டாவதுல இருக்கு, ஆனா சுருள் பிராக்கெட்டுக்குப் பதிலா சாதா பிராக்கெட்ல அடைச்சு எழுதுறது. 1972ல தாம்சன் யூனிக்ஸ் கெர்னலை சி-ல எழுதப் பார்த்து விட்டுட்டார், அப்போ ஸ்ட்ரக்ட் இல்ல. அது வந்ததுக்கப்புறம் 1973 கோடையில எழுதி முடிச்சுட்டாங்க. ஸ்ட்ரக்ட் இல்லாம ஒரு சின்ன லிங்க்ட் லிஸ்ட் எழுதிப் பார்த்தேன், எந்த இன்ட் எதுக்குன்னு நானே பேப்பர்ல படம் போட்டு வெச்சுக்க வேண்டியிருந்துச்சு, முப்பது வரிலயே கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். அவர் விட்டுட்டதுல ஆச்சரியமே இல்ல.

ஞாயிறு ராத்திரி ஆயிடுச்சு, வந்த வேலையை மறந்துட்டேனேன்னு அப்போதான் உறைச்சுது. ஈடி-ல ரெண்டே வரி. முதல் வரில 6 & 4 == 4, ரெண்டாவதுல (6 & 4) == 4. அடிக்கும்போது பழக்க தோஷத்துல பேக்ஸ்பேஸ் தட்டி ஒரு வரி நாசம், @ போட்டு அழிச்சுட்டு திரும்ப அடிச்சேன். கம்பைல் பண்ணி ஓட விட்டேன்.

0
1

அச்சு அசலா அதே 0. பக்கத்து விண்டோல என்னோட கோடு அப்படியே திறந்து இருந்துச்சு, இன்னும் பிராக்கெட் போடல.